போனுக்கும் பவர் பேங்குக்கும் பஞ்சு வைத்த உறை: முதலில் தைத்துவிட்டு அப்புறம் வெட்டுங்கள்

பர்மாவின் மோல்மேனிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார்: "அக்கா, தம்பிக்காக போனுக்கு ஒன்று, பவர் பேங்குக்கு ஒன்று என்று பஞ்சு வைத்து இரண்டு உறை தைத்தேன். போன் இழுத்துப் பிடித்து நுழைகிறது. பவர் பேங்க் நுழையவே இல்லை. அகலத்தை அளந்து இரண்டு பக்கமும் அரை அங்குலம் விட்டுத்தான் வெட்டினேன், கால் அங்குலத்தில் தைத்தேன். எங்கே தப்பு? எந்தப் பஞ்சு நல்லது, மழைக்கு என்ன செய்வது, காலால் மிதிக்கிற மெஷினில் இவ்வளவு தடிமனைத் தைக்கலாமா என்பதையும் சொல்லுங்கள்."

தையலில் தப்பில்லை தங்கச்சி, அளவெடுத்ததில்தான் இருக்கிறது. அகலத்தைப் பார்த்தீர்கள், தடிமனை விட்டுவிட்டீர்கள். சட்டை, ரவிக்கை தைத்துப் பழகிய எல்லாரும் முதலில் இப்படித்தான் வெட்டுவார்கள். உடம்புக்குத் தைக்கும்போது நாம் டேப்பைச் சுற்றி அளக்கிறோம். பெட்டி மாதிரி ஒரு பொருள் கைக்கு வந்ததும் சுற்றளவை மறந்துவிட்டு ஸ்கேலை எடுத்துவிடுகிறோம்.

கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் 20,000 மில்லி ஆம்பியர்-அவர் பவர் பேங்க் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அகலம் 70 மில்லிமீட்டர், தடிமன் 27, நீளம் 150 என்று இருக்கட்டும். பக்கத்தில் கவர் போட்ட ஒரு போன்: அகலம் 76, தடிமன் 10. முன்பக்கத் துணி மூட வேண்டியது அந்த அகலத்தை மட்டும் அல்ல. இரண்டு ஓரத்திலும் தடிமனில் பாதிப் பாதியை அதுதான் மூட வேண்டும், மீதிப் பாதியைப் பின்பக்கத் துணி மூடும். ஆக, ஒரு பக்கத் துணிக்கு அகலத்தோடு முழுத் தடிமனையும் கூட்ட வேண்டும். போனுக்கு 86 வருகிறது, பவர் பேங்குக்கு 97. போனைவிடக் குறுகலான பவர் பேங்குக்கு, போனைவிட அகலமான துணி வேண்டும். நீங்கள் வெட்டியது 70 உடன் ஒரு அங்குலம், அதாவது 95 சொச்சம். தையலுக்குப் போனது போக உள்ளே மிஞ்சியது 82, 83 இருக்கும். 97 வேண்டிய இடம் அது.

இதோடு முடியவில்லை. பஞ்சு வைத்த துணி ஓரத்தில் வளைந்து திரும்பும்போது தன் தடிமனையும் சேர்த்து விழுங்கும். மூன்று அடுக்கும் சேர்த்துத் தைத்த துணி 4 மில்லிமீட்டர் இருந்தால், ஒரு பக்கத் துண்டுக்கு 8 கூட்டிக்கொள்ளுங்கள். பொருள் சிக்காமல் போய்வர 4. தையலுக்குப் பக்கத்துக்கு 10 வீதம் 20. மொத்தம் போனுக்கு 118, பவர் பேங்குக்கு 129. தையலுக்குக் கால் அங்குலம் போதும் என்று சட்டைத் துணிக்கு விடுகிற மாதிரி இங்கே விடாதீர்கள். அடுக்குகள் நழுவும், ஏதாவது ஒன்று தையலில் மாட்டாமல் தப்பிவிடும்.

சரி, இந்தக் கணக்கு தெரிந்திருப்பது நல்லது. ஆனால் நான் இந்தக் கணக்கை மட்டும் நம்பிக் கத்தரிக்கோலை எடுக்க மாட்டேன். முதலில் தேவைக்கு மேல் பெரிய துண்டாக எடுத்துப் பஞ்சு வைத்துக் கட்டம் கட்டமாகத் தைத்துவிடுவேன். தைத்து முடிந்த அந்தத் துணியையே பவர் பேங்கைச் சுற்றி வைத்து, இரண்டு ஓரத்தையும் விரலால் சேர்த்துப் பிடித்து, பிடித்த இடத்தில் குண்டூசி குத்துவேன். பொருளை மெதுவாக இழுத்துப் பார்ப்பேன். லேசாக உரசிக்கொண்டு வெளியே வர வேண்டும், தானாக நழுவி விழக்கூடாது. குண்டூசி இருக்கும் இடம்தான் தையல் கோடு. அதற்கு வெளியே 10 மில்லிமீட்டர் விட்டு அப்போதுதான் வெட்டுவேன். துணியின் தடிமன், பஞ்சு அமுங்குவது, வளைவில் போகும் அளவு எல்லாம் அந்த ஒரு சுற்றிலேயே வந்துவிடும். டேப்பில் இவ்வளவையும் பிடிக்க முடியாது.

முதலில் வெட்டிவிட்டு அப்புறம் பஞ்சு வைத்துத் தைப்பதில் இன்னொரு தொல்லை இருக்கிறது. ஒவ்வொரு தையல் வரியும் துணியைக் கொஞ்சம் உள்ளே இழுக்கும். ஒரு அடித் துண்டு தைத்து முடித்தபின் கால் அங்குலம், பஞ்சு தடிமனாக இருந்தால் அரை அங்குலம்கூடக் குறைந்திருக்கும். அதுவும் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் குறையாது, ஒரு மூலை கோணிக்கொள்ளும். அதனால் ஒவ்வொரு பக்கமும் குறைந்தது ஒரு அங்குலம் அதிகமாக வைத்துத் தொடங்குங்கள்.

துணிக்கு நம் ஊரில் பஞ்சமே இல்லை. வீட்டில் இருக்கும் பழைய கட்டம் போட்ட ஆண்கள் லுங்கி ஒன்று போதும். அதைவிடப் பொருத்தமான துணியைக் காசு கொடுத்து வாங்கத் தேவையில்லை என்பது என் எண்ணம். பருத்தி, நெருக்கமான நெசவு, பலமுறை துவைத்துச் சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கி, விட வேண்டிய சாயத்தையும் விட்டிருக்கும். லுங்கியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். உட்காரும் இடத்தில் நூல் தேய்ந்து வெளிச்சம் அதிகமாக ஊடுருவும், அந்தப் பகுதியைத் தள்ளிவிட்டு மற்ற இடத்தில் எடுங்கள். கட்டத் துணியில் இன்னொரு வசதியும் உண்டு. கோடு போடவே வேண்டாம், நெசவிலேயே கோடு இருக்கிறது. கச்சின் லுங்கியின் கட்டம் ஒன்றின் மூலையிலிருந்து எதிர் மூலைக்குத் தைத்துக்கொண்டே போனால் சாய்சதுரம் தானாக விழும். ஊசி ஒவ்வொரு மூலையிலும் சரியாக இறங்குகிறதா என்று பார்த்தாலே வரி நேராகப் போகிறதா என்று தெரிந்துவிடும்.

புதுத் துணி என்றால் ரங்கூன் சந்தைகளான தெய்ஞ்சி சேயிலோ மிங்களா சேயிலோ கெஜக் கணக்கில் எடுக்கலாம். உங்கள் ஊர்ச் சந்தையிலும் கிடைக்கும். எங்கே எடுத்தாலும் தைப்பதற்கு முன் பச்சைத் தண்ணீரில் நனைத்துக் காயவைத்து இஸ்திரி போட்டுவிடுங்கள். ஈரமான வெள்ளைத் துணியால் ஒரு மூலையைத் தேய்த்துப் பாருங்கள். கரும்பச்சையும் அடர்சிவப்பும் சிலசமயம் நிறையச் சாயம் விடும், அது வெளிர்நிறப் போன் கவரில் ஏறினால் போகாது. தண்ணீர் தெளியும் வரை அலசுவதுதான் வழி.

அச்செய்க் என்ற பர்மிய அலைக்கோலத் துணியில் போட்டால் அழகாக இருக்கும் என்று நிறையப் பேர் ஆசைப்படுகிறார்கள். உண்மைதான், அந்த அலையைத் தொடர்ந்தே தையல் போட்டால் பார்க்கக் கண் நிறையும். ஆனால் அமரபுரத்தில் நூற்றுக்கணக்கான தறிக்குழல் வைத்து நெய்த அசல் பட்டைத் தயவுசெய்து இதற்காக வெட்டாதீர்கள். அச்சடித்த பருத்தி அச்செய்க் மலிவாகக் கிடைக்கிறது, அதை எடுங்கள். பட்டுப்போன்ற வழுக்கும் துணிதான் வேண்டும் என்றால் பின்னால் ஒட்டும் கேன்வாஸ் இஸ்திரி போட்டு ஒட்டிவிட்டுத் தொடங்குங்கள். இல்லாவிட்டால் வெட்டிய ஓரம் பிரிந்துகொண்டே வரும்.

அடுத்து பஞ்சு. நம் ஊர் மழைக்கு பாலியஸ்டர் பஞ்சு ஷீட்தான் நல்லது. பருத்திப் பஞ்சு கைக்கு இதமாக இருக்கும், தைக்கவும் சுலபம், ஆனால் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ரங்கூனிலேயே ஆண்டுக்கு 2,700 மில்லிமீட்டர் அளவுக்கு மழை, உங்கள் மோல்மேனில் 4,800ஐ ஒட்டி வரும். ஆடி ஆவணியில் வெளியே காயப்போட வழி இல்லாமல் பருத்திப் பஞ்சு உள்ளேயே பூசணம் பிடித்துவிடும். பாலியஸ்டர் நூல் தண்ணீரைக் குடிக்காது, பிழிந்து மின்விசிறிக்கு அடியில் போட்டால் காய்ந்துவிடும். ஒரே எச்சரிக்கை, சூடான இஸ்திரிப் பெட்டியை அதன்மேல் வைக்காதீர்கள். பஞ்சு உருகித் தட்டையாகும், அப்புறம் எழும்பாது. பஞ்சு ஷீட் கிடைக்கவில்லையென்றால் பழைய ஃப்ளீஸ் போர்வைத் துண்டு ஒரு அடுக்கு வையுங்கள். டர்க்கி டவல் வைக்கிறவர்களும் உண்டு. அது கனமாக இருக்கும், காயவும் நேரமாகும், நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எவ்வளவு தடிமன் என்று கேட்டால், பிரிக்கும்போது ஒரு சென்டிமீட்டர் உயரம் தெரிகிற ஷீட் போதும். தைத்தபின் அது 3, 4 மில்லிமீட்டருக்கு வந்துவிடும். தடிமன் அதிகமானால் பாதுகாப்பும் அதிகமாகும் என்று இரண்டு அடுக்கு வைக்காதீர்கள். தையல் கெட்டுப்போவதோடு சரி. பஞ்சு உறை கீறலையும் சின்னச் சின்ன இடியையும் தடுக்கும். பஸ்ஸில் நெருக்கியடித்து நிற்கும்போது பையின்மேல் ஒருவர் முழங்கை அழுந்தினால் அதைப் பஞ்சு தடுக்காது. அங்கே வேலை செய்வது விறைப்பு. திரை இருக்கும் பக்கத்தில் பஞ்சுக்கும் லைனிங்குக்கும் நடுவே மெல்லிய பிளாஸ்டிக் அட்டை ஒன்று, பழைய ஃபைல் அட்டையிலிருந்து வெட்டி மூலைகளை வட்டமாக்கிச் சொருகினால் போதும். அதைத் தையலில் பிடிக்காமல் சும்மா வையுங்கள், துவைக்கும்போது எடுத்துவிடலாம். டேப்லெட்டுக்கு இது கட்டாயம் வேண்டும்.

லைனிங்குக்கு மிருதுவான, தூசி உதிர்க்காத துணி எடுங்கள். மூக்குக்கண்ணாடி துடைக்கும் துணி மாதிரியான மைக்ரோஃபைபர் மிக நல்லது, நெருக்கமான பருத்தியும் சரி. கண்ணி கண்ணியாக நூல் நிற்கும் துணி வேண்டாம், கேமரா வளையத்தில் மாட்டிக்கொண்டு இழுக்கும். பஞ்சு உதிரும் ஃப்ளானலும் போனுக்கு ஆகாது. சார்ஜ் செய்யும் துவாரத்தில் அந்தத் தூசி சேர்ந்து அடைத்துக்கொண்டு, கேபிள் சரியாகப் பிடிக்காமல் போகும்.

மிதி மெஷினில் தைக்கலாமா என்று சந்தேகப்படவே வேண்டாம். தடிமனான துணிக்கு மிதி மெஷின் நல்ல மெஷின். மெதுவாக ஓட்டலாம், தடித்த இடத்தில் மிதிப்பதை நிறுத்திவிட்டு வலது கையால் சக்கரத்தைத் திருப்பி ஒவ்வொரு தையலாக இறக்கலாம். மின்சாரம் முறை வைத்து வருகிற ஊரில் நினைத்த நேரத்தில் உட்கார்ந்து தைக்கலாம் என்பது வேறு.

ஆனால் சட்டைத் துணிக்கு வைத்திருக்கும் அமைப்பிலேயே தைக்கக்கூடாது. ஊசி 14ஆம் நம்பர் போடுங்கள், ஜிப்பும் அடுக்குகளும் சேரும் இடத்துக்கு 16. மேலே பிரஷர் ஃபுட்டை அழுத்தும் திருகைக் கொஞ்சம் தளர்த்துங்கள், இல்லாவிட்டால் மேல்துணியை அது தள்ளிக்கொண்டே போகும், முடிவில் மேலே ஒரு மடிப்பு விழும். தையலை நீளமாக்கி அங்குலத்துக்கு எட்டுத் தையல் வருகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். சின்னத் தையல் பஞ்சைக் கெட்டியாக அமுக்கித் துணியைச் சுருக்கும். அதே மூன்று அடுக்கில் ஒரு துணுக்கை எடுத்து முதலில் தைத்துப் பாருங்கள். அடியில் நூல் வளையம் வளையமாகத் தெரிந்தால் மேல் நூலைச் சற்று இறுக்க வேண்டும், மேலே பாபின் நூல் புள்ளி புள்ளியாக எட்டிப்பார்த்தால் தளர்த்த வேண்டும். வாக்கிங் ஃபுட் இருந்தால் மாட்டுங்கள். அது மேல்துணியையும் சேர்த்து நகர்த்தும். இல்லாவிட்டால் கையால் ஓட்டுத் தையல் போட்டு மூன்று அடுக்கையும் நன்றாகப் பிணைத்துவிட்டுத் தைத்தாலே போதும். குண்டூசியை மட்டும் நம்பாதீர்கள்.

மார்க்கிங் சாக் இல்லையென்றால் தேய்ந்த சோப்புச் சில்லால் கோடு போடலாம். முதல் வரி துண்டின் நடுவில். அதிலிருந்து வலப்பக்கம் எல்லா வரிகளையும் முடித்து, அப்புறம் இடப்பக்கம். எல்லா வரியையும் மேலிருந்து கீழாக ஒரே திசையில் தையுங்கள். ஒன்று மேலிருந்து, அடுத்தது கீழிருந்து என்று மாற்றி மாற்றி ஓட்டினால் இரண்டு வரிக்கும் நடுவில் துணி சாய்ந்து சுருக்கம் விழும். வரிக்கு வரி ஒரு அங்குல இடைவெளி சின்ன உறைக்கு அளவாக இருக்கும். முடித்தபின் மெஷின் தட்டைக் கழற்றிப் பல்லுக்கு அடியில் பாருங்கள், உதிர்ந்த பஞ்சு திரண்டிருக்கும். தூரிகையால் எடுத்துவிட்டு ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள்.

பஞ்சு வைத்துத் தைக்கும்போது லைனிங்கையும் சேர்த்துத் தைக்க வேண்டுமா என்று கேட்பீர்கள். நான் சேர்ப்பதில்லை. மேல்துணி, பஞ்சு, அடியில் ஏதாவது ஒரு மெல்லிய பழைய துணி, இந்த மூன்றை மட்டும் தைப்பேன். லைனிங்கைத் தனிப் பையாகத் தைத்து உள்ளே இறக்கினால் உள்பக்கம் வழவழப்பாக இருக்கும். மழைக்கும் இதுதான் வழி, அதைப் பின்னால் சொல்கிறேன். லைனிங் பை மேல்பையைவிட ஒவ்வொரு பக்கமும் 3 மில்லிமீட்டர் சிறியதாக இருக்கட்டும். ஒரே அளவில் வெட்டினால் உள்ளே மடிந்து மடிந்து நிற்கும்.

போன் உறையை வழக்கமாக ஒரே நீளத் துண்டைக் கீழே மடித்து இரண்டு பக்கமும் தைப்பார்கள். அதில் ஒரு சிக்கல் உண்டு. பக்கத் தையல் உள்ளே தடித்த வரப்பாக நிற்கும், போனின் பொத்தான்களும் அதே பக்கத்தில்தான் இருக்கின்றன. இறுக்கமான உறைக்குள் போனைத் தள்ளும்போது அந்த வரப்பு பொத்தானை அமுக்கும். பல போன்களில் பக்கப் பொத்தானைத் தொடர்ந்து அமுக்கினால் அவசர அழைப்பு போய்விடும். அதனால் தைத்து முடித்ததும் தையலுக்கு வெளியே இருக்கும் பஞ்சை மட்டும் கத்தரிக்கோல் நுனியால் தையல் கோடு வரைக்கும் வெட்டி எடுத்துவிடுங்கள், துணி இருக்கட்டும். மீதமுள்ள துணிகளையும் ஒன்று 10, ஒன்று 6 மில்லிமீட்டர் என்று படிப்படியாகக் குறைத்து வெட்டுங்கள். கீழ் மூலைகளில் குறுக்காக ஒரு வெட்டு. இவ்வளவும் செய்தபின் திருப்பிப் பார்த்தால் ஓரம் விரலுக்கே தட்டுப்படாது. இந்த ஒரு வேலையைச் செய்யாததால்தான் வீட்டில் தைத்த உறைகள் பல தலையணை மாதிரி உப்பிக்கொண்டு நிற்கின்றன.

போன் உறைக்கு ஜிப் வேண்டாம். மேலே ஒரு மூடி, அதில் எலாஸ்டிக் வளையமும் துணிப் பொத்தானும் போதும். வெல்க்ரோவின் கரடுமுரடான பக்கம் லைனிங்கைப் பிய்க்கும். காந்தப் பொத்தான் போனின் திசைகாட்டியைக் குழப்பும், கூடவே காந்தப் பட்டையுள்ள அட்டை இருந்தால் அதையும் கெடுக்கலாம்.

பவர் பேங்குக்கு ஜிப் வைத்த பெட்டி வடிவம்தான் சரி. மேலே சொன்ன அளவுள்ள பவர் பேங்குக்கு, பஞ்சு வைத்துத் தைத்த துண்டு 23 சென்டிமீட்டருக்கு 21 வேண்டியிருக்கும். 23 சுற்றிவரும் பக்கம், 21 நீளப் பக்கம். வெட்டுவதற்கு முன் சுற்றிப் பார்க்கச் சொன்னதை மறக்காதீர்கள். நீளத்திலும் தடிமன் சேரும், ஏனென்றால் இரண்டு முனையையும் மூட வேண்டியது இந்தத் துணிதான். 21 சென்டிமீட்டர் ஓரம் இரண்டையும் ஜிப்பின் இரு பக்கத்தில் தைத்தால் குழாய் மாதிரி ஆகும். நைலான் ஜிப் 5ஆம் நம்பர் எடுங்கள், உலோகப் பல் வேண்டாம். ஜிப்பைத் துணியைவிட இரண்டு அங்குலம் நீளமாக வைத்துத் தைத்துவிட்டு அப்புறம் மிச்சத்தை வெட்டினால் ரன்னர் ஊசிக்குக் குறுக்கே வராது. வெட்டுவதற்கு முன் ரன்னரை நடுவுக்கு இழுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அது கழன்று கையோடு வந்துவிடும்.

குழாயை உட்புறமாகத் திருப்பி, ஜிப் நடுவில் வருகிற மாதிரி தட்டையாக வைத்து இரண்டு முனையையும் தையுங்கள். ஜிப்பைப் பாதி திறந்துவைத்திருங்கள், அப்போதுதான் திருப்ப முடியும். இனி மூலைகள். ஒவ்வொரு மூலையையும் விரித்து, முனைத் தையல் நடுவில் வர, முக்கோணமாக அமுக்குங்கள். முக்கோணத்தின் உச்சியிலிருந்து எவ்வளவு உள்ளே குறுக்குத் தையல் போடுகிறீர்களோ, அதைப் போல இரண்டு மடங்கு அகலம் அந்தத் தையலுக்கு வரும். பவர் பேங்க் தடிமன் 27, இரண்டு பக்கப் பஞ்சு 8, ஆக 35 வேண்டும். உச்சியிலிருந்து 17, 18 மில்லிமீட்டரில் கோடு போட்டுத் தைத்தால் சரியாக இருக்கும். நான்கு மூலையும் முடித்துத் திருப்பினால் செங்கல் வடிவத்தில் ஒரு பை நிற்கும். லைனிங்கையும் இதே போலத் தைத்து, ஜிப் ஓரத்தில் கையால் மடித்துத் தைத்துவிடுங்கள்.

கேபிளை அதே அறையில் போடாதீர்கள், அதன் உலோக முனை உரசிக்கொண்டே இருக்கும். வெளியே ஒரு தட்டைப் பாக்கெட் வைத்து, கேபிளைப் பெரிய வளையமாகச் சுற்றிப் போடலாம். கழுத்துப் பகுதியில் மடங்கினால் கேபிள் அங்கேதான் முதலில் செத்துப்போகும். காதில் வைக்கும் இயர்பட்ஸ் அதன் சொந்தப் பெட்டியோடு வருவதால் அதற்கு மெல்லிய பை போதும், பஞ்சு தேவையில்லை.

மழை விஷயம். தண்ணீர் புகாத துணியை வெளியே வைத்து அதன்மேலேயே கட்டம் தைத்தால் ஒவ்வொரு ஊசித் துளையும் தண்ணீருக்கு வாசல். அந்தத் துணியின் குணமே போய்விடும். அதனால்தான் லைனிங்கைத் தனியாகத் தைக்கச் சொன்னேன். பஞ்சு தைத்த மேல்பைக்கும் லைனிங் பைக்கும் நடுவில் குடைத்துணியில் ஒரு பை தைத்து இறக்குங்கள். கட்டத் தையல் அதைத் தொடாது, ஓரத் தையல் மட்டும்தான் இருக்கும். மழைக்காலத்தில் கம்பி ஒடிந்த குடை எந்த வீட்டில்தான் இல்லை? அதன் ஒரு முக்கோணத் துண்டே போன் உறைக்குப் போதும். குடைத்துணியில் குண்டூசி குத்தாதீர்கள், அந்தத் துளை மூடாது. துணி காயப்போடும் கிளிப்பால் பிடியுங்கள். இது சாரலுக்கும் பையில் இறங்கும் ஈரத்துக்கும் தாங்கும். பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவான திஞ்சான் நாட்களில் வாளி வாளியாக ஊற்றுவார்கள், அதற்கு இது போதாது. அப்போது கழுத்தில் தொங்கவிடும் பிளாஸ்டிக் உறைதான்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். கேபிள் வெளியே வர உறையில் ஓட்டை வைத்துத் தரச் சொல்லித் தம்பி கேட்டால் வைக்காதீர்கள். மின்சாரம் வருகிற சில மணி நேரத்தில் எல்லாவற்றையும் ஒரேயடியாகச் சார்ஜில் போடுகிறோம், உறையோடு அப்படியே போட்டுவிட வசதியாக இருக்கும்தான். ஆனால் சார்ஜ் ஏறும்போது பவர் பேங்க் சூடாகும், பஞ்சு அந்தச் சூட்டை வெளியே விடாது. லித்தியம் பேட்டரியைச் சார்ஜ் செய்ய 45 டிகிரி செல்சியஸ்தான் பொதுவான மேல்வரம்பு. சித்திரை வெயிலில் அறையே 35, 36 டிகிரியில் இருக்கும்போது அந்த வரம்பைத் தாண்ட அதிக நேரம் ஆகாது. சார்ஜ் போடும்போதும், அதிலிருந்து போனுக்கு ஏற்றும்போதும் உறையை விட்டு வெளியே எடுத்து, தரையிலோ மேசையிலோ வைக்கச் சொல்லுங்கள். மெத்தையில் வேண்டாம்.

தம்பி விமானத்தில் போகிறவர் என்றால் பவர் பேங்கைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், 100 வாட்-அவர் வரைக்கும் பொதுவாக அனுமதி. 20,000 மில்லி ஆம்பியர்-அவர் என்றால் 74 வாட்-அவர்தான். அது பவர் பேங்கின் பின்னால் அச்சாகியிருக்கும், எடுத்துக் காட்டச் சொல்வார்கள். ஜிப்பை நீளப் பக்கத்தில் முழுக்கத் திறக்கிற மாதிரி வைக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

உறையைத் துவைக்க பச்சைத் தண்ணீரும் கொஞ்சம் சோப்பும் போதும். முறுக்காமல் டவலில் சுருட்டி அமுக்குங்கள். லைனிங்கை வெளியே இழுத்துவிட்டுக் காயப்போடுங்கள், தையல் ஓரம் கடைசியில்தான் காயும். அது காயும் வரைக்கும் போனை உள்ளே வைக்க வேண்டாம்.

முன்பே நனைத்துச் சுருக்கிய துணியில், சுற்றிப் பிடித்து அளவு பார்த்துத் தைத்த உறை பின்னால் சிறுத்துப்போகாது. அப்படியிருக்க, இத்தனை நாள் சுலபமாகப் போய்வந்த பவர் பேங்க் ஒருநாள் உள்ளே போக மறுத்தால் உறையைப் பிரித்துத் தைக்க உட்காராதீர்கள், பவர் பேங்கைப் பாருங்கள். மேசையில் வைத்தால் ஆடுகிறதா, ஓரத்து மூடி விலகி இடைவெளி தெரிகிறதா? தெரிந்தால் உள்ளே பேட்டரி உப்பியிருக்கிறது. அதற்கு மேல் சார்ஜ் போடக்கூடாது. அமுக்கவோ குத்தவோ கூடாது, வீட்டுக் குப்பையிலும் போடக்கூடாது. பற்றக்கூடிய எதுவும் பக்கத்தில் இல்லாத இடத்தில் தனியாக வைத்துவிட்டு, போன் பழுதுபார்க்கும் கடையில் பழைய பேட்டரிகளை வாங்கிக்கொள்கிறார்களா என்று விசாரித்து அங்கே கொடுத்துவிடச் சொல்லுங்கள்.